மாதத்துக்கு ஒரு சோதனை: சென்னையின் மேற்குப் புறநகரில் இதயத் துடிப்புக் கோளாறோடு வாழ்தல்

கேள்வி

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கிறது என்று ஈ.சி.ஜி. தாளைப் பார்த்து மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, அந்த மனிதரின் அடுத்த நாளும் அடுத்த மாதமும் எப்படிக் கழிகின்றன? நம்மிடம் இருக்கும் பதில்கள் பெரும்பாலும் அறிவுரைகளாகவே இருக்கின்றன: மனதைத் தளரவிடாதீர்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள், உப்பைக் குறையுங்கள், நடங்கள், கவலைப்படாதீர்கள். இவற்றில் தவறான அறிவுரை எதுவும் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. நோயோடு சமாளித்து வாழ்வது நோயாளியின் மனவலிமையையும் கட்டுப்பாட்டையும் பொறுத்தது என்பதே அது. அந்த அனுமானத்தை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் நிலைமையோடு வைத்துச் சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம். என் வாதம் இது: துடிப்புக் கோளாறு உள்ளவரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சோதனைக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வேலையில் அரைநாள் விடுப்பு கிடைக்கிறதா, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டா என்பவைதான். மனவலிமை அதன் பிறகே கணக்கில் வருகிறது.

துடிப்புக் கோளாறுகள் பல வகை. இதயம் மிக மெதுவாகத் துடிப்பது, திடீரென்று வேகமெடுப்பது, கீழறையில் தோன்றும் ஆபத்தான வேகத் துடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சிகிச்சை உண்டு. நீடித்து நிற்கும் கோளாறுகளில் மிகப் பரவலானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991லேயே காட்டியது. இக்கட்டுரை முதன்மையாக இதைப் பற்றியும், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களைப் பற்றியும் பேசுகிறது.

யாருக்கு வருகிறது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முதுமையின் நோய் என்பது மேற்கத்திய மருத்துவ நூல்களின் சித்திரம். இந்தியாவின் சித்திரம் வேறு. இந்திய இதயத் தாளச் சங்கம் 2011-12இல் நாடெங்கும் 24 மையங்களில் 1,537 நோயாளிகளைப் பதிவுசெய்து ஓராண்டு தொடர்ந்தது. அவர்களின் சராசரி வயது 54.7. பாதிக்குச் சற்று மேல் பெண்கள். 47.6 சதவீதத்தினருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் வந்த வால்வு நோய் இருந்தது. 46 நாடுகளில் 15,400 பேரைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான இன்னொரு பதிவேடும் இதே திசையைக் காட்டுகிறது. அதில் வட அமெரிக்க நோயாளிகளில் ருமாட்டிக் இதயநோய் 2.2 சதவீதம், இந்திய நோயாளிகளில் 31.5 சதவீதம். 47.6, 31.5 என்ற இரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குழப்பமாகக் கொள்ள வேண்டியதில்லை. முதலாவது துடிப்புக் கோளாறுகளில் ஈடுபாடு கொண்ட இதய மருத்துவர்களின் மையங்களில் திரட்டியது. இரண்டாவது அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடமிருந்து. எந்த வாசலில் நின்று எண்ணுகிறோமோ அதற்கேற்ப எண் மாறுகிறது. கேரளத்தில் 3,421 பேரைக் கொண்ட பதிவேட்டில் நோயாளிகளின் வயது 65ஐ ஒட்டி இருந்ததும் கவனிக்கத்தக்கது. சுகாதார வசதி கூடி ருமாட்டிக் காய்ச்சல் குறையும் இடத்தில் இந்நோய் முதுமையை நோக்கி நகர்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இவ்விரு சித்திரங்களும் பொருந்தும் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் பணிசெய்து ஓய்வுபெற்ற ஒரு தலைமுறை ரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதே தெருக்களில் வட மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்து வாடகை வீடுகளில் நெருக்கியடித்து வாழும் இளைய குடும்பங்கள் இருக்கின்றன. சிறுவயதில் வந்துபோன தொண்டைப்புண்ணும் மூட்டுவீக்கமும் முப்பது வயதில் மைட்ரல் வால்வுச் சுருக்கமாகத் தெரியவருவது இத்தகைய குடும்பங்களில்தான், அதிலும் பெண்களிடம்தான் அதிகம். பென்சன் வாங்கும் முதியவரும், ஆயத்த ஆடை ஆலையில் தைக்கும் நடுவயதுப் பெண்ணும் ஒரே நோய்ப்பெயரைச் சுமக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவையான மருந்தும் ஏற்பாடும் ஒன்றல்ல. பொதுவான அறிவுரை தவறிப்போகும் முதல் இடம் இதுவே.

உச்சி அருகில், தொடர்ச்சி தூரத்தில்

இதய மருத்துவத்தின் வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையை 1975இல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். அவர் பின்னாளில் நிறுவிய ஃபிரான்டியர் லைஃப்லைனும், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் இருப்பது அம்பத்தூரை அடுத்த முகப்பேரில். அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆவடியில் மின்சார ரயிலேறினால் சென்ட்ரலில் இறங்கி எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குள் நுழையலாம். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையில் நேராக வந்தால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கிறது. பேஸ்மேக்கர் பொருத்துவதும் வால்வு அறுவையும் அதில் அடங்கும். இந்தியாவின் பெரும்பாலான ஊர்களோடு ஒப்பிட்டால் இது பெரும் பேறு.

இத்தனையும் ஒருநாள் நிகழ்வுக்கானவை. மயங்கி விழுந்தால், மூச்சுத் திணறினால், கருவி பொருத்த வேண்டியிருந்தால் அமைப்பு விழித்துக்கொள்கிறது. துடிப்புக் கோளாறு ஒருநாள் நிகழ்வாக முடிவதில்லை. வால்வு நோயோடு சேர்ந்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவர் வாழ்நாள் முழுதும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் விழுங்க வேண்டும். இங்கே பெருவழக்கில் இருப்பது இரண்டாவது. மருந்துக்கடைகளில் அசிட்ரோம் என்ற வணிகப் பெயரால் எல்லோருக்கும் தெரியும். இதன் அளவு குறைந்தால் பக்கவாதம், கூடினால் ரத்தக்கசிவு. ஐ.என்.ஆர். எனப்படும் சோதனையில் எண் 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். அசினோகுமரால் உடலில் தங்கும் நேரம் வார்ஃபரினைவிடக் குறைவு. ஒருவேளை தவறினாலும் அதன் விளைவு விரைவில் தெரிந்துவிடும். எனவே அளவு நிலைப்படும் வரை அடிக்கடியும், நிலைப்பட்ட பிறகு மாதத்துக்கு ஒருமுறையேனும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேலே சொன்ன 46 நாட்டுப் பதிவேட்டில் எண் சரியான எல்லைக்குள் நின்ற காலத்தின் சராசரி மேற்கு ஐரோப்பாவில் 62.4 சதவீதம், வட அமெரிக்காவில் 50.9, இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றில் 32 முதல் 40 வரை. அதாவது மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த இந்திய நோயாளி, காலத்தின் பெரும்பகுதி ஒன்று பாதுகாப்பில்லாமல் அல்லது ரத்தக்கசிவின் ஆபத்தில் இருந்திருக்கிறார். இதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. நம் மக்களுக்கு ஒழுங்கு போதாது, படிப்பறிவு போதாது என்பது ஒன்று. சோதனை எட்டும் தூரத்தில் இல்லை என்பது மற்றொன்று. இரண்டில் எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பதை இன்விக்டஸ் என்ற ஆய்வின் ஒரு துணைத்தகவல் தெளிவாக்குகிறது.

இன்விக்டஸ் 2022இல் வெளியானது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் 24 நாடுகளில், ருமாட்டிக் இதயநோயும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்த 4,531 பேரின் தரவுகளை அது அலசியது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதன் ஆசிரியர்களில் ஒருவர். சோதனை தேவைப்படாத புதிய மாத்திரையான ரிவரோக்சபானா, பழைய வார்ஃபரின் வகையா என்பதே கேள்வி. பழைய மருந்தே உயிரிழப்பைக் குறைத்தது. பேசப்பட்டது இந்த முடிவுதான். நம் கேள்விக்கு வேண்டியது அடுத்த தகவல். ஆய்வில் சேரும்போது பழைய மருந்துக் குழுவினரில் ஐ.என்.ஆர். சரியான எல்லைக்குள் இருந்தவர்கள் 33.2 சதவீதம் மட்டுமே. ஆய்வுக் காலத்தில் அது 56 முதல் 65 சதவீதம் வரை ஏறியது. மனிதர்களின் படிப்பும் வருமானமும் குணமும் இடையில் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே: யாரோ ஒருவர் அவர்களை மாதந்தோறும் எதிர்பார்த்திருந்தார்; சோதனை நடந்தது; எண்ணுக்கேற்ப அளவு மாற்றப்பட்டது. ஒழுங்கின்மை என்று நோயாளியின் மீது ஏற்றப்படும் குற்றத்தில் எவ்வளவு ஏற்பாட்டின் குறை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதை இந்த வட்டாரத்தின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சோதனையும் மாத்திரையும் இலவசம். ஆனால் ஆவடியிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ போகிறவருக்கு அது ஒருநாள் கூலி. ரயில், வரிசை, ரத்தம் கொடுத்தல், முடிவுக்குக் காத்திருத்தல், மருத்துவரிடம் காட்டுதல், மருந்து வாங்கும் இன்னொரு வரிசை. ஆவடியும் பூந்தமல்லியும் நிர்வாகத்தில் திருவள்ளூர் மாவட்டம். 2022இல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி அவர்களுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வெவ்வேறு சுகாதார நிர்வாகங்களின் கீழ் வருகிறார்கள். தனியார் பரிசோதனை நிலையம் தெருமுனையில் இருக்கிறது, உண்மைதான். காசு கொடுத்தால் மாலைக்குள் எண் தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்து நாளை முதல் மாத்திரையைக் கால் பங்கு கூட்டு, குறை என்று சொல்ல ஆள் வேண்டும். எண்ணைச் சொல்லும் இடமும் அளவை மாற்றும் இடமும் பிரிந்து கிடப்பதே இந்தப் புறநகரின் சிக்கல்.

சமையலறையும் மருந்துக்கடையும்

ஏற்பாடு இல்லாத வெற்றிடத்தை வாய்மொழி அறிவுரை நிரப்புகிறது. வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் விழும் தடை கீரை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருப்பதும், அது மருந்தின் வேலையை எதிர்ப்பதும் உண்மை. அதனால் கீரையே கூடாது என்பது அதிலிருந்து வரும் சரியான முடிவல்ல. 2007இல் பிரிட்டனில் 70 பேரிடம் நடந்த ஆய்வில், ஐ.என்.ஆர். காரணமின்றி ஏறி இறங்குகிறவர்களுக்குத் தினமும் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே கொடுத்தபோது எண் மேலும் நிலைப்பட்டது. உணவில் அந்தச் சத்து மிகக் குறைவாக இருப்பவருக்கு, கல்யாணப் பந்தியில் ஒருநாள் உண்ட கீரைக் கூட்டே எண்ணைக் கீழே தள்ளிவிடும். வாரத்தில் இரண்டு நாள் கீரை சமைக்கும் வீட்டில் அந்த இரண்டு நாளை அப்படியே வைத்துக்கொண்டு மாத்திரையின் அளவை அதற்கேற்ப அமைப்பதே முறை. ரத்தசோகை பரவலாக இருக்கும் பெண்களிடம் கீரையை நிறுத்தச் சொல்வது ஒரு நோய்க்காக இன்னொன்றை வளர்ப்பது. ஆடி மாதம் திருவேற்காட்டுக் கருமாரியம்மனுக்கு விரதமிருப்பதும், மாலை போட்டு ஒருமண்டலம் உணவை மாற்றுவதும், ரமலான் நோன்பும் கூட இவ்வாறே. விட்டுவிட வேண்டும் என்பதில்லை. முன்கூட்டிச் சொல்லி இடையில் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். சொல்வதற்கு ஆள் இல்லாதபோது நோயாளி இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்: விரதத்தை விடுகிறார், அல்லது மாத்திரையை.

கீரையைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு வலி மாத்திரையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஆபத்து அங்கேதான் அதிகம். நாள் முழுதும் நின்று வேலைசெய்யும் மக்களின் வட்டாரம் இது. முதுகுவலி, முழங்கால்வலி என்று மருந்துக்கடையில் சொன்னால் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் கிடைக்கும். அது இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். ரத்தத் தட்டணுக்களின் வேலையையும் தடுக்கும். உறைவெதிர்ப்பு மாத்திரையோடு சேரும்போது உள்ளே ரத்தம் கசிந்து, மலம் கருத்த பின்புதான் தெரியவரும். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படைக்குத் தரும் ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆரை மேலே ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைப் பெரிதும் இறக்கும். நாட்டு மருந்துகளிலும் ரத்த உறைவைப் பாதிக்கும் சேர்க்கைகள் உண்டு. மருந்துக்கடை ஊழியர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, நீங்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பது. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குவதற்குப் பணம் செலவாகாது.

காபியின் மீதான தடையும் மறுபரிசீலனைக்கு உரியது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நூறு பேரைக் காபி குடிக்கும் நாட்களிலும் குடிக்காத நாட்களிலும் இடைவிடாத ஈ.சி.ஜி. வழியாகக் கவனித்தார்கள். மேலறையில் தோன்றும் கூடுதல் துடிப்புகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கீழறைக் கூடுதல் துடிப்புகள் சற்று மிகுந்தன; தூக்கம் குறைந்தது. காலை டம்ளர் காபியைப் பறிக்க இது போதாது. மதுவின் நிலை வேறு. 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வழக்கமாகக் குடித்துவந்த 140 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளில் நிறுத்தியவர்களிடம் 53 சதவீதத்தினருக்கும், தொடர்ந்தவர்களிடம் 73 சதவீதத்தினருக்கும் கோளாறு திரும்பியது. இங்கே தடை நியாயமானது. எளிதான காபியைத் தடைசெய்துவிட்டுக் கடினமான மதுவைப் பற்றி மென்று விழுங்கும் ஆலோசனை நோயாளிக்கு உதவாது.

வேலைத்தளம்

மேற்குப் புறநகரின் தனித்தன்மை தொழிற்கூடங்கள். இங்கே துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு முன் நிற்கும் கேள்விகள் அலுவலகவாசிகளுக்காக எழுதிய கையேடுகளில் இருப்பதில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர் மிக்சி, கிரைண்டர், தொலைக்காட்சி ரிமோட் ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் போதும். செல்போனைச் சட்டையின் இடப்பைக்குப் பதில் வேறெங்காவது, கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். வீட்டுக்கு இவ்வளவே. வெல்டிங் செய்கிறவருக்கு? கருவித் தயாரிப்பாளர்கள் பலர், மின்னோட்டம் 130 முதல் 160 ஆம்பியருக்கு மேற்படாமலும், வெல்டிங் முனை நெஞ்சிலிருந்து இரண்டடிக்குக் குறையாமலும் இருந்தால் அனுமதிக்கலாம் என்கிறார்கள். கேபிள்கள் உடலைச் சுற்றாமல், ஈரமில்லாத இடத்தில், கையுறையோடு என்ற நிபந்தனைகளும் உண்டு. அதாவது வெல்டருக்கு வேலையே கூடாது என்பதில்லை. எந்த வேலை, எந்த இயந்திரம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதிர்வு கொடுத்துத் துடிப்பை மீட்கும் ஐ.சி.டி. கருவி பொருத்தியவருக்கு விதி இன்னும் கடுமையானது. மயக்கம் வரக்கூடியவர் பிரஸ் இயந்திரத்திலோ உயரத்திலோ வேலைசெய்யக் கூடாது என்பதும் அவ்வளவே உறுதியானது. அந்தக் கணிப்பைச் செய்ய மருத்துவருக்குத் தொழிற்கூடத்தின் விவரம் தெரிய வேண்டும், முதலாளிக்கு மருத்துவத்தின் விவரம் தெரிய வேண்டும். இருவருக்கும் இடையில் தூது போகிறவர் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இருக்கும் தொழிலாளி. அவர் கருவி பொருத்தியதையே மறைத்துவிடுவதில் வியப்பில்லை.

சட்டம் எவ்வளவு காக்கிறது? மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார். நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 34 நெடுநாள் நோய்களுக்கு இரண்டாண்டு வரை 80 சதவீதம் கிடைக்கும். இதயச் செயலிழப்பும் சிக்கல்கள் கொண்ட வால்வு நோயும் அந்தப் பட்டியலில் உண்டு. துடிப்புக் கோளாறு தனிப்பெயராக இல்லை. நோய்க்கால உதவி பெற ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பதிவு அறுபடும் தொழிலாளிக்கு இதுவே தடை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 21 வகைகளில் இதயநோய் இல்லை. வேலையில் நியாயமான மாற்றம் கோர அந்தச் சட்டம் தரும் வழி இவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையின் நிரந்தர ஊழியருக்குத் தொழிற்சாலை மருத்துவமனையும் மாற்றுப்பணியும் கிடைக்கலாம். அதே வாசலில் ஒப்பந்த அட்டையோடு நுழைகிறவருக்கு இரண்டும் உறுதியில்லை. இரவுப்பணியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் பல லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, தொடர்ந்து இரவுப்பணி செய்கிறவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அது தொடர்பை மட்டுமே காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. எனினும் நோய் கண்டவரைச் சில மாதங்களுக்காவது பகல் ஷிப்டுக்கு மாற்றக் கோருவதற்கு அது போதிய நியாயம்.

பெண் தொழிலாளரின் நிலையைத் தனியே சொல்லாமல் கடக்க முடியாது. உறைவெதிர்ப்பு மாத்திரையில் மாதவிடாய்ப் போக்கு கூடுவது பொதுவான விளைவு. மருத்துவர் கேட்பதில்லை, அவர் சொல்வதில்லை. தையல் வரிசையில் கழிவறைக்கு எழுந்துபோகும் நிமிடங்கள் எண்ணப்படும்போது மாத்திரையைத் தானே குறைத்துக்கொள்வதே அவருக்குத் தெரிந்த தீர்வு. வார்ஃபரின் வகை கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருந்து மாற்றத்தைப் பேசியாக வேண்டும். வால்வு நோயைக் கல்யாணத்துக்கு முன் மறைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்குவதே இல்லை. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியும் அதே மறைப்பில் நின்றுவிடுகிறது.

அச்சம்

மனத்தின் பங்கை நான் சிறிதாக்க விரும்பவில்லை. நெஞ்சுக்குள் திடீரென்று படபடக்கும்போது, இது கடைசித் துடிப்பாக இருக்குமோ என்று எழும் பயம் உண்மையானது. அந்தப் பயமே துடிப்பை மேலும் கூட்டுகிறது. யோகா இதற்குத் துணை என்று காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2013இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் 49 பேர் மூன்று மாதம் யோகா பயின்றபோது கோளாறு தோன்றும் தடவைகளும் மனக்கவலையும் குறைந்தன. அதில் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை. அவர்களின் முந்தைய நிலையோடே பிந்தைய நிலை ஒப்பிடப்பட்டது. நம்பிக்கை தரலாம், மருந்துக்கு மாற்றாக்க முடியாது. மறுபக்கம், கைக்கடிகாரத்திலும் விரல்நுனிக் கருவியிலும் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பது நிம்மதி தருமென்ற எண்ணம் பரவிவருகிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ 6,000 முதியவர்களிடம் நடந்து 2021இல் வெளியான லூப் ஆய்வில், உடலுக்குள் பொருத்திய கருவியால் இடைவிடாது கவனித்தபோது கோளாறு மூன்று மடங்கு அதிகமாகக் கண்டறியப்பட்டது. பக்கவாதம் பொருட்படுத்தத்தக்க அளவில் குறையவில்லை. கூடுதலாகப் பார்ப்பதால் மட்டும் கூடுதல் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. எப்போது கவலைப்பட வேண்டும் என்ற தெளிவே அச்சத்தைக் குறைக்கிறது. படபடப்பு மட்டும் என்றால் உட்கார்ந்து பார்க்கலாம். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கைகால் தளர்தல், நிற்காத ரத்தப்போக்கு, தலையில் அடிபடுதல் என்றால் உடனே 108. இந்த இரண்டு வரியை நோயாளியின் கையில் எழுதிக் கொடுப்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, புதிய மாத்திரைகள் வந்துவிட்டபின் ஐ.என்.ஆர். பேச்சே பழங்கதை என்பது. வால்வு நோய் இல்லாத முதியவருக்கு இது பெருமளவு உண்மை. காப்புரிமை முடிந்து பொதுப்பெயர் மருந்துகள் வந்தபின் விலையும் இறங்கியிருக்கிறது. ஆனால் கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவருக்கும் உலோக வால்வு பொருத்தியவருக்கும் பழைய மருந்தே மருந்து. இந்த வட்டாரத்தின் இளைய நோயாளிகளில் பலர் இவர்களே. புதிய மருந்தும் சிறுநீரகச் சோதனை இல்லாமல் தரத்தக்கதல்ல. இரண்டு வேளை தவறினால் அதன் பாதுகாப்பு போய்விடும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு ஆதாரம் இருக்கும்போது ஏற்பாட்டின் மீது பழிபோடுவது நோயாளியைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 355 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து 2015இல் வெளியான லெகசி ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைக் காத்தவர்களில் 45.5 சதவீதத்தினர் மருந்தோ சிகிச்சையோ இல்லாமலே கோளாறின்றி இருந்தனர். மறுக்க முடியாத பலன் இது. அந்த எடை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் வாதம் திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறது. மருத்துவர் நடத்திய தனிக் கிளினிக்கில் நேருக்கு நேர் ஆலோசனையும் தொடர் சந்திப்பும் அமைந்திருந்தன. எடையைக் குறைத்துக் காத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தவர்கள். பொறுப்பும் ஏற்பாட்டுக்குள்தான் வளர்கிறது.

மூன்றாவது, அரசால் எல்லாவற்றையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாது என்பது. தமிழ்நாட்டின் அனுபவமே இதற்குப் பதில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீடுதேடித் தருகிறது. இயன்முறைப் பயிற்சி தருகிறது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அதற்கான பைகளையே வீட்டில் சேர்க்கிறது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் மாரடைப்புக்கான முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப, துணைச் சுகாதார நிலையங்கள் வரை கொண்டுபோனது. டயாலிசிஸ் பையைச் சுமந்துபோகும் அமைப்புக்கு, விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தமெடுத்துச் சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவி பெரிய சுமையல்ல. தாங்களே சோதித்துக்கொள்ளும் நோயாளிகளிடம் ரத்த உறைகட்டி விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததை 2016இல் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி தேவையில்லை. ஒரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒன்று போதும்.

செய்ய வேண்டியது

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வாரத்துக்கு ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு வசதியான நேரத்தில், ஐ.என்.ஆர். சோதனை நடக்கட்டும். அந்த எண்ணை அன்றே தொலைபேசியில் கேட்டு மாத்திரை அளவைச் சொல்ல கீழ்ப்பாக்கம் அல்லது திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியின் இதயநோய்ப் பிரிவில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். நெடுநாள் நோய்களின் இ.எஸ்.ஐ. பட்டியலில் கருவி பொருத்திய துடிப்புக் கோளாறும் சேரட்டும். தொழிற்பேட்டையின் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, வெல்டிங், பிரஸ், இரவுப்பணி ஆகியவற்றுக்கு மருத்துவர் நிரப்பித் தரும் ஒருபக்கப் படிவம் ஒன்றை உருவாக்கட்டும். இவற்றில் முதல் இரண்டுக்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். சுகாதாரத் துறையின் ஓர் ஆணையும், இந்த மூன்று ஊர்களின் மக்கள் பிரதிநிதிகள் அதைக் கேட்டு வாங்குவதும் போதும்; அதைக் கேட்கும்படி அவர்களிடம் வலியுறுத்த வேண்டியவர்கள் இதைப் படிக்கும் நாம்.